ஓர்னெலா முத்தம் கொடுக்காத குளிர்காலம்

2017 நவம்பர் 27, திங்கட்கிழமை. அன்று காலை ஓர்னெலா மவ்ரினாட்ஸுக்கு இரண்டு செய்திகள் உறுதியாயின. வயிற்றில் இரண்டாவது குழந்தை என்பது ஒன்று. அதை ஒரு வாரமாக வாந்தியே சொல்லிக்கொண்டிருந்தது. முப்பத்து நான்கு வயதாகியும் அவள் உடம்பு சி.எம்.வி. என்ற வைரஸை ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை என்பது மற்றொன்று.

இரண்டாவதுதான் தலைவலி.

குரோவேஷியாவின் ரியெகா துறைமுகத்துக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கும் மருத்துவ ஆய்வுக்கூடத்தில் விலங்குகளைப் பார்த்துக்கொள்வது ஓர்னெலாவின் வேலை. ஒன்பது வருடமாக அந்த வைரஸைச் சுற்றியே பெருக்கி, துடைத்து, தீவனம் போட்டு, கூண்டு மாற்றி வந்தவள். முடிவைச் சொன்னவர் அந்த ஆய்வை நடத்தும் டாக்டர் சில்வானா. காபிக் கோப்பையை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுத்தான் சொன்னார்.

"ஜீரோவா, டாக்டர்?"

"சுத்தமான ஜீரோ. உன் ரத்தத்துல அந்த வைரஸோட தடமே இல்ல. நம்ம ஊர்ப் பொம்பளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு இது சின்ன வயசுலயே வந்துட்டுப் போயிருக்கும். வந்ததே தெரிஞ்சிருக்காது. நீ ஒரு விதிவிலக்கு."

"அப்போ நல்லது தானே?"

"மாசமா இல்லாதவளுக்கு நல்லது."

ஓர்னெலாவுக்கு மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை. சளிபோல வந்து, சத்தமில்லாமல் போகும் வைரஸ் அது. ஆனால் கர்ப்பத்தின்போது முதல்முறையாக வந்தால், நஞ்சுக்கொடியைக் கடந்து உள்ளே இருக்கும் குழந்தையைத் தொட்டுவிடக்கூடும். தொட்ட எல்லாக் குழந்தைக்கும் கெடுதல் வருவதில்லை. சில குழந்தைகளுக்கு வருகிறது, பெரும்பாலும் காதில். பிறந்த குழந்தை அம்மாவின் குரலுக்குத் திரும்பாது.

"அப்போ வைரஸ் இருக்குற மூணாம் அறைக்கு நான் போக வேணாமா?"

"போக வேணாம். ஆனா அது மயக்க மருந்துக்காகவும், நீ தூக்குற தீவன மூட்டைக்காகவும். கினிப்பன்றியோட வைரஸ் கினிப்பன்றிய விட்டு வெளிய வராதுன்னு உனக்கே தெரியும். உனக்கு வைரஸ் குடுக்கப் போற ஆளு அங்க இல்ல."

"வேற எங்க?"

"உன் வீட்ல. மூணு வயசு. மூக்கு ஒழுகிட்டிருக்கும். செப்டம்பர்லருந்து பாலர் பள்ளிக்குப் போறான்."

ஓர்னெலா வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் மகன் மாவ்ரோ அன்று காலை பாதி தின்று கீழே வைத்த ரொட்டியை அவள்தான் சாப்பிட்டிருந்தாள். ஜாம் ருசி இன்னும் நாக்கில் இருந்தது.

"எச்சில், மூக்குச்சளி, மூத்திரம். இந்த மூணும் உன் வாய்க்கு வரக்கூடாது," என்றார் சில்வானா. "அவ்வளவுதான். ஜூலை வரைக்கும்."

"டாக்டர், அவன் மூணு வயசுப் பையன். அவன்கிட்ட இருக்குறதே அந்த மூணும்தான்."

*

ஓர்னெலா விலங்குக் கூடத்துக்கு வந்தது தற்செயலாக. அதற்கு முன் ட்ஸ்ரெஸ் தீவுக்குப் போகும் கப்பலில் காபி ஊற்றிக் கொடுத்தாள். கடல் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கடற்கரையில் பிறந்தவள் கப்பலில் வாந்தி எடுக்கிறாள் என்று மாலுமிகள் கிண்டல் செய்தார்கள். ஆய்வுக்கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, "தரை ஆடாது தானே?" என்று கேட்டுவிட்டுச் சேர்ந்தாள்.

சேர்ந்த வாரத்திலேயே பிடித்துப்போனது. காரணம் கினிப்பன்றிகள். காய்கறிப் பை சரசரத்தால் போதும், அறை முழுவதும் 'வீக் வீக்' என்று கத்தித் தீர்த்துவிடும். உலகத்தில் வேறு யாரும் தன்னை இப்படி வரவேற்றதில்லை என்பாள். கல்யாணத்தன்று கணவன் வெத்ரான்கூட இல்லையாம்.

எலி, சுண்டெலியை விட்டுவிட்டு இந்த ஆய்வுக்குக் கினிப்பன்றி எதற்கு என்று பார்க்க வருகிறவர்கள் கேட்பார்கள். சுண்டெலிக்கு இந்த வகை வைரஸைக் கொடுத்தால் அது தாயோடு நின்றுவிடும். வயிற்றுக் குட்டிக்குப் போகாது. கினிப்பன்றியின் நஞ்சுக்கொடி மனிதருடையதைப் போலக் கட்டப்பட்டது. அதற்கென்றே ஒரு சி.எம்.வி. இருக்கிறது, அது நஞ்சுக்கொடியைக் கடக்கும், சில குட்டிகளின் காதையும் கெடுக்கும். ஒரு தாய்க்கு முன்கூட்டியே தடுப்பூசி போட்டால் குட்டி தப்பிக்குமா என்று கேட்க வேண்டுமானால், இந்த விலங்கிடம்தான் கேட்க முடியும்.

விலங்குகளுக்குப் பெயர் வைக்கக்கூடாது, எண் மட்டுமே என்பது கூடத்து விதி. ஓர்னெலா மீன் பெயர்களாக வைத்தாள். மத்தி, நெத்திலி, கணவாய், விலாங்கு. அந்தக் குளிர்காலம் இருபத்து நான்கு தாய்மார்கள். பாதிப் பேருக்குத் தடுப்பூசி, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர்; பிறகு எல்லோருக்கும் வைரஸ். கூண்டுகளில் மஞ்சள் அட்டை, பச்சை அட்டை. எந்த நிறம் எது என்று ரியெகாவில் யாருக்கும் தெரியாது. தலைநகர் ஸாக்ரெபில் கணக்குப் பார்க்கும் ஒருவருக்கு மட்டுமே தெரியும். குட்டிகள் பிறந்து, காது சோதித்து முடிக்கும்வரை சில்வானாவுக்கும் சொல்ல மாட்டார்.

கூடத்தில் இன்னொரு விதி உண்டு. அதுதான் ஓர்னெலாவின் எலும்புக்குள் போயிருந்தது. காலையில் முதலில் ஒன்றாம் அறை. அங்கே இருப்பவை நோயில்லாத விலங்குகள். பிறகு இரண்டு. கடைசியில் மூன்று, வைரஸ் அறை. மூன்றுக்குள் கால் வைத்தவர் அன்று ஒன்றுக்குத் திரும்பக்கூடாது. இயக்குநரானாலும் சரி, தீயே பிடித்தாலும் சரி, திரும்பக்கூடாது.

அந்த விதியை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

*

வெத்ரான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். திங்கட்கிழமை மாலை வீட்டுக்கு வந்தபோது சமையலறையில் எல்லாம் இடம் மாறியிருந்தது. மாவ்ரோவின் தட்டு, கரண்டி, குவளை எல்லாம் சிவப்பில், தனி அலமாரியில். பல்துலக்கி தனிக் குவளையில். துண்டு தனிக் கொக்கியில்.

"இது என்ன, பையனுக்குத் தனிக்குடித்தனமா?"

"அவன் மூணாம் அறை. நான் ஒண்ணாம் அறை."

"நான்?"

"நீ ரெண்டு. அவன் எச்சிலத் தின்னுட்டு என்கிட்ட வந்து முத்தம் கேட்டா, நீயும் மூணு."

வெத்ரான் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தான். "அப்போ அவன் மிச்சம் வைக்கிற கட்லெட்ட யாரு திங்கிறது?"

"நீயே தின்னு. அப்புறம் பல்லு தேய்ச்சுட்டு வா."

"இதுக்குத்தான் கல்யாணம் பண்ணேன்," என்று அவன் கட்லெட்டை எடுத்துக்கொண்டான்.

உதட்டிலும் கன்னத்திலும் முத்தம் கிடையாது; உச்சந்தலை மட்டும். இதைத்தான் மாவ்ரோ ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று நாள் அழுதான். நாலாம் நாள் ஓர்னெலா தரையில் மண்டியிட்டு, கினிப்பன்றிபோல 'வீக்' என்று கத்தி அவன் தலையில் மூக்கை உரசினாள். அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதன்பிறகு முத்தத்தின் பெயரே 'வீக்' ஆகிவிட்டது. பாலர் பள்ளி வாசலில் மற்ற அம்மாக்கள் நாகரிகமாகக் கன்னத்தில் முத்தமிட்டுக்கொண்டிருக்க, இவள் மட்டும் குனிந்து 'வீக்' என்பாள்.

ஊரில் செய்தி வேறு மாதிரிப் பரவியது. பக்கத்து வீட்டு நேவியா மீன் மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறாள். அவள் காதில் விழுந்தது நகரத்தின் காதில் விழுந்த மாதிரி.

"ஏண்டி, நாள் பூரா எலிங்களோட கொஞ்சிட்டு வர்றே. பெத்த புள்ளையப் பாத்துப் பயப்படுறியாமே?"

"அது எலி இல்ல, நேவியா அக்கா. கினிப்பன்றி."

"வாலில்லாத எலி. அதுக்கு என் கடை மீன் பேரு வேற வச்சிருக்கியாம். நெத்திலின்னு ஒரு எலி இருக்குன்னு தெரிஞ்சா எவன்டி என்கிட்ட நெத்திலி வாங்குவான்?"

"அவளப் பாத்தா நீங்களே பேர மாத்த மாட்டீங்க. உங்கள மாதிரியே கத்துவா."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நேவியாவும் சிரித்தாள். ஆனால் மத்தியைத் தாளில் சுற்றும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அந்த வேலைய விட்டுத் தொலை, கண்ணு. வேடிக்கைக்குச் சொல்லல. வியாதி புடிச்ச பிராணிங்க நடுவுல வயித்துப் புள்ளையோட நிக்காதே."

ஓர்னெலா விளக்கிப் பார்த்தாள். பிராணியிடம் பயமில்லை, பிள்ளையின் கரண்டியில்தான் பயம் என்றாள். நேவியா அவளைப் பார்த்த பார்வையில், கர்ப்பம் தலைக்கேறிவிட்டது என்ற முடிவு தெளிவாக இருந்தது.

*

ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை. திருவிழாக் காலம். மேட்டுக் கிராமங்களில் மணிக்காரர்கள் சுற்றிவரும் நாள். வெத்ரானும் மணிக்காரன்தான், அவன் அப்பாவைப் போல. ஆட்டுத்தோலைப் போர்த்தி, முதுகில் பெரிய மணியைக் கட்டி, இடுப்பை ஆட்டி ஆட்டி நடந்தால் மலையே அதிரும். அந்த வருடம் முதல்முறையாகச் சிறுவர் அணியும் கூடவே வந்தது. மாவ்ரோ உட்பட ஆறு வாண்டுகள், முதுகில் கைப்பிடி அளவு மணி, காலுக்குக் கீழே வழுக்கும் ஆட்டுத்தோல். ஆறு பேரும் ஒரே பாலர் பள்ளி.

கும்பல் முதலில் வந்தது வெத்ரான் வீட்டு முற்றத்துக்கு. பன்றித்தொடை, சாசேஜ், ஃப்ரிதுலே என்ற பொரித்த மாவு உருண்டைகள் எல்லாம் மேசைமேல் தயார். அந்த வீட்டில் தலைமுறையாக ஒரு வழக்கம்: மண்குடுவை கை மாறி, வாய் மாறிச் சுற்றும். மறுபடி மேசையைத் தொடும்போது அது காலியாக இருக்க வேண்டும். கடைசி மிடறு வீட்டுக்காரிக்கு. மிச்சம் வைத்தால் அந்த வருடம் மணி ஊமையாகும் என்பார்கள்.

வெத்ரான் இதை முன்னாலேயே யோசித்து வைத்திருந்தான். பெருமையோடு இரண்டு குடுவைகளைத் தூக்கிக் காட்டினான். "இது ஒயின், எங்களுக்கு. இது சூடான ஆப்பிள் சாறு, பட்டை போட்டது. மாசமா இருக்குற என் பொண்டாட்டிக்கு!" முற்றம் கைதட்டியது.

ஒயின் குடுவை இருபது மீசைகளைத் தாண்டி வந்தபோது அடியில் கொஞ்சம் கிடந்தது. வீட்டுக்காரி குடிக்கக்கூடாதே என்று எல்லோரும் யோசிக்க, நேவியா கையை நீட்டினாள். "குடு. இந்தக் கஷ்டத்த நான் தாங்கிக்கிறேன்."

சாறுக் குடுவை இன்னொரு பக்கமாகச் சுற்றி ஓர்னெலாவிடம் வந்தது. மணிச்சத்தத்தில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை. மணிக்காரர்களின் தலைவர் லுசியானோ கையை உயர்த்தினார். "கடைசி மிடறு!" தனக்கென்றே தனியாக வைத்தது என்ற நினைப்பில் ஓர்னெலா சிரித்துக்கொண்டே தலையைப் பின்னால் சாய்த்து முழுவதையும் விழுங்கினாள். இனிப்பாக, வெதுவெதுப்பாக இருந்தது. குடுவையைக் கவிழ்த்துக் காட்டினாள். ஆரவாரம்.

கவிழ்த்த குடுவையிலிருந்து ஊறிப்போன ஃப்ரிதுலே துண்டு ஒன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது. அதில் சின்னப் பல் கடித்த தடம்.

"வெத்ரான்."

"என்ன? நல்லாயிருந்துச்சா?"

"இதுல எனக்கு முன்னாடி யாரு குடிச்சா?"

"பசங்கதான். அவங்களுக்கு எப்படி ஒயின் குடுக்குறது?" என்று சொல்லும்போதே அவன் முகம் மாறியது. முற்றத்தின் ஓரத்தில் ஆறு மணிக்காரர்கள் நின்றிருந்தார்கள். ஆறு மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்தன. ஒருவன் தன் ஆட்டுத்தோலையே சப்பிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை சில்வானா முழுக் கதையையும் கேட்டுவிட்டு நெற்றியை மேசைமேல் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று ஓர்னெலாவுக்குத் தெரியவில்லை.

"ரெண்டு மாசமா ஒரு கரண்டியப் பூட்டி வச்சே," என்றார் நிமிர்ந்து, கண்ணைத் துடைத்தபடி. "அப்புறம் பாலர் பள்ளி மொத்தத்தையும் ஒரே மூச்சுல குடிச்சிட்டே."

"சிரிக்காதீங்க டாக்டர்."

"சரி, சிரிக்கல. கேளு. வெளியில வந்த எச்சில்ல வைரஸ் ரொம்ப நேரம் தாக்குப் பிடிக்காது. ஒரு தடவ குடிச்சா வந்துடும்னு இல்ல. வராமயும் போகலாம். ஆனா இப்போ ரத்தம் எடுத்தா அது ஒண்ணும் சொல்லாது. ஒரு மாசம் போகட்டும்."

"ஒரு மாசமா?"

"திருவிழாவுக்குப் போ. நல்லாச் சாப்பிடு. காய்ச்சல் வந்தா அன்னிக்கே எனக்குச் சொல்லு."

*

ஓர்னெலா திருவிழாவுக்குப் போனாள். பெரிய ஊர்வலத்தன்று கோர்ஸோ வீதியில் ஆயிரக்கணக்கான முகமூடிகளுக்கு நடுவில், மாவ்ரோவைத் தோளில் ஏற்றிய வெத்ரானின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மணிச்சத்தம் மார்புக்குள் அடித்தது. ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டாள். காது கேட்கும் குழந்தையாக இரு, வேறு எதுவும் கேட்க மாட்டேன் என்று வயிற்றிடம் சொன்னதாகப் பிறகு வெத்ரானிடம் சொல்லியிருக்கிறாள். அவன் அதற்குக் கிண்டல் எதுவும் சொல்லவில்லை. அது அவனுக்குப் புதிது.

பிப்ரவரி கடைசியில் ரியெகாவில் பனி கொட்டியது. அந்த ஊருக்குப் பனி பழக்கமில்லை. 'பூரா' என்ற வடகிழக்குக் குளிர்காற்று அதைக் கொண்டுவந்து தெருவில் கொட்டிவிட்டு, போக்கும் இல்லாமல் வரத்தும் இல்லாமல் செய்துவிட்டது. அந்த வாரம் ஓர்னெலாவுக்குக் காய்ச்சல். குடுவை குடித்து நான்கு வாரம். வைரஸ் வெளிப்பட எடுக்கும் காலமும் ஏறக்குறைய அதுதான் என்று அவளுக்குத் தெரியும். ஒன்பது வருடம் இதே கணக்கை மற்றவர்களுக்காகப் பார்த்தவள்.

மேல்வலி, தொண்டைவலி. சில்வானாவுக்குத் தொலைபேசியில் சொன்னாள். சாலை திறந்ததும் வா, ரத்தம் எடுப்போம் என்றார்.

முழங்கால் பனியில் வேலியைத் தாண்டி நேவியா வந்தாள். ஒரு பாத்திரம் மீன் சூப். கரண்டி, கிண்ணம் எல்லாம் தன் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். வெந்நீர் ஊற்றிக் கழுவியதை ஓர்னெலாவின் கண் முன்னால் இன்னொரு முறை கழுவினாள்.

"இதுல எந்தப் புள்ளையும் வாய் வைக்கல. நான்கூட உப்புப் பாக்கல. கம்மியா இருந்தா பொறுத்துக்க."

உப்பு கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. ஓர்னெலா சொல்லவில்லை.

நேவியா கட்டிலோரம் உட்கார்ந்தாள். வழக்கமான வாய்த்துடுக்கு இல்லை. "என் தம்பி சான்தியோவுக்குக் காது கேக்காது, தெரியும்ல?"

"தெரியும்."

"பொறந்ததுலருந்தே. அம்மா மாசமா இருக்கும்போது மணிக்காரங்க பின்னாடி வந்து பயமுறுத்திட்டாங்க, அதனாலதான்னு ஊரே பேசுச்சு. அம்மா சாகுற வரைக்கும் அத நம்புனாங்க. அன்னிக்கு வாசலுக்கு வராம இருந்திருக்கலாமேன்னு சொல்லிச் சொல்லியே போய்ச் சேந்தாங்க." சூப்பைக் கலக்கினாள். "அப்போ வீட்ல குட்டிப் புள்ளையா இருந்தது நான்தான். என் மூக்கு ஒழுகியிருக்கும்."

"அக்கா, அது இதனாலதானான்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. எத்தனையோ காரணம் இருக்கு."

"அது சரி. ஆனா மணிச்சத்தம் இல்ல, தானே?"

"மணிச்சத்தம் இல்ல. அது நிச்சயம்."

நேவியா கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் சூப் ஊற்றினாள். "அந்த எலி... அந்தக் கினிப்பன்றி. அதுங்களுக்குக் காது கேக்குதான்னுதான் நீங்க பாக்குறீங்களா?"

"ஆமா."

"நெத்திலிக்குக் காரட் பிடிக்குமா?"

"குடமிளகாய்னா உயிரையே விடுவா."

"என் கடைக்கு எதிர்ல இருக்கான் காய்க்காரன். நாளைலருந்து நான் வாங்கித் தர்றேன்."

வாங்கித்தான் தந்தாள். வெளியார் கொடுக்கும் காயை விலங்குக் கூடத்துக்குள் எடுக்க முடியாது என்பதை ஓர்னெலா அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை. அந்த மார்ச் முழுவதும் வெத்ரானுக்கு அடைத்த குடமிளகாய்தான் மதிய உணவு.

*

சாலை திறந்த அன்று ரத்தம் கொடுத்தாள். காய்ச்சல் அதற்குள் இறங்கியிருந்தது. ஒன்றாம் அறையில் வேலைக்கும் திரும்பினாள். முடிவு அடுத்த வாரம்.

அந்த வாரம்தான் மூன்றாம் அறையில் குட்டிகள் பிறந்தன. கினிப்பன்றிக் குட்டிகள் கண் திறந்து, முடியோடு பிறக்கும். பிறந்த நாளே ஓடும். ஓர்னெலா வேலை முடிந்ததும் உடை மாற்றி, பார்வையாளர் நடைவழியின் கண்ணாடிக்கு வெளியே வந்து நிற்பாள். சில குட்டிகள் பிறக்கும்போதே உயிரில்லாமல் இருந்தன. மஞ்சள் அட்டைக் கூண்டுகளில் அது அதிகம். நெத்திலிக்கு நான்கில் ஒன்றே மிஞ்சியது. ஓர்னெலா கண்ணாடியில் நெற்றியை வைத்து அழுதாள். பெயர் வைக்கக்கூடாது என்ற விதி எதற்கென்று அவளுக்குத் தெரியும். அடுத்த முறையும் வைக்கத்தான் போகிறாள்.

பிறகு காதுச் சோதனை. உள்ளே சில்வானா முழு உடுப்பில், ஒரு கூண்டின் பின்னால் நின்று, கையிலிருந்த சின்னக் கருவியை 'டக்' என்று தட்டுவார். காது கேட்கும் குட்டிக்குக் காதுமடல் சட்டென்று சிலிர்க்கும். கண்ணாடிக்கு வெளியே சத்தம் வராது. காது துடிப்பது மட்டும் தெரியும். பச்சை அட்டையில் மத்தியின் மூன்று குட்டிகள் வரிசையாக. ஆறு காதும் சிலிர்த்தன. அதே பச்சையில் கணவாயின் குட்டிகள், விலாங்கின் குட்டிகள், எல்லாக் காதும் துடித்தன. ஓர்னெலா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தனியாகக் கைதட்டினாள். துப்புரவுக்கு வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஸாக்ரெபிலிருந்து நிறத்தின் அர்த்தம் வர இன்னும் சில வாரம் ஆகும். ஆனால் கண்ணால் பார்த்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே கொஞ்சம் புன்னகைத்தபடிதான் நடந்தார்கள்.

மார்ச் 12, திங்கட்கிழமை. காலை. ஓர்னெலா ஒன்றாம் அறையில் தண்ணீர்ப் புட்டிகளை நிரப்பிக்கொண்டிருந்தாள். கதவின் கண்ணாடிச் சதுரத்தில் யாரோ படபடவென்று தட்டினார்கள். சில்வானா. மூன்றாம் அறையின் நீல உடுப்பில், முகக்கவசத்தோடு, மூச்சு வாங்க.

ஓர்னெலா புட்டியோடு திரும்பினாள். கதவைத் திறக்கப் போனாள். சில்வானா இரண்டு கையையும் உயர்த்தித் தடுத்தார். மூன்றிலிருந்து நேராக வந்திருந்தார். ஒன்றுக்குள் கால் வைக்கக்கூடாது. கதவு கனமான இரட்டைக் கதவு, கத்தினாலும் கேட்காது. நல்ல சேதி என்றால் உடுப்பு மாற்றிக்கொண்டு நிதானமாகத் தொலைபேசியில் சொல்லலாமே, ஏன் இப்படி ஓடிவந்தார் என்று அவள் மனம் கெட்டதை நோக்கியே போனது.

சில்வானா முகக்கவசத்தைக் கீழே இழுத்தார். கண்ணாடிமேல் வாயை வைத்து 'ஹா' என்று ஊதினார். மூடுபனிபோலப் படர்ந்த அந்த மூச்சில் விரலால் பெரிதாக ஒரு வட்டம் போட்டார்.

ஜீரோ. இன்னும் ஜீரோ. வைரஸ் வரவே இல்லை. காய்ச்சல் வெறும் ஃப்ளூ. அந்த வாரம் பாதி ஊருக்கு வந்தது.

ஓர்னெலா தரையில் உட்கார்ந்துவிட்டாள். கையிலிருந்த புட்டி சாய்ந்து மடியெல்லாம் தண்ணீர். பின்னால் நாற்பது கினிப்பன்றிகள், காய்கறி வருகிறது என்று நினைத்து, ஒரே குரலில் கத்த ஆரம்பித்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர் வந்து, நடைவழியில் முகக்கவசமில்லாமல் நிற்கும் சில்வானாவைப் பார்த்துத் திட்டுவது தெரிந்தது. சில்வானா தலையாட்டிக்கொண்டே சிரித்தார். அன்று மதியம் முழு நடைவழியையும் அவரே கிருமிநாசினி போட்டுத் துடைத்தார்.

வெத்ரானுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவன் கிரேனில், நாற்பது மீட்டர் உயரத்தில் இருந்தான்.

"வெத்ரான், ஜீரோ!"

"நம்ம ஃபுட்பால் அணியா? யாரோட விளையாடுறாங்க?"

"நான்டா! என் ரத்தம்!"

அடுத்த நொடி துறைமுகம் முழுக்கக் கேட்கும்படி கிரேனின் ஒலிப்பான் நீளமாக அடித்தது. அதற்காக அவனுக்கு மேலாளர் எச்சரிக்கை கொடுத்தார். காரணம் கேட்டபிறகு கைகுலுக்கினார். எச்சரிக்கையைத் திரும்பப் பெறவில்லை.

*

சிவப்புக் கரண்டி ஜூலை வரை தனி அலமாரியில்தான் இருந்தது. ஒரு முறை தப்பித்தவள் மறுபடி சோதித்துப் பார்க்கத் தயாராக இல்லை. லுசியானோ சிறுவர் அணிக்கு ஆறு தகரக் குவளைகள் வாங்கினார், ஆளுக்கு ஒன்று, மணியோடு சேர்த்து இடுப்பில் கட்டிக்கொள்ள. ஏப்ரலில் ஸாக்ரெபிலிருந்து சேதி வந்தது: பச்சைதான் தடுப்பூசி. ஒரு கூடத்தின் ஒரு சோதனை. மனிதருக்கு வர இன்னும் எத்தனையோ வருடம் என்று சில்வானா எல்லோரிடமும் சொன்னார், கேக் வெட்டிக்கொண்டே.

ஜூலை 23 அன்று மிர்தா பிறந்தாள். மூன்றே கால் கிலோ. வாயில் பஞ்சு வைத்து எடுத்த எச்சிலில் வைரஸ் இல்லை. மறுநாள் செவிலியர் குழந்தையின் காதில் சின்னக் குழாயைச் செருகி, கருவியைப் பார்த்து, "ரெண்டு காதும் நல்லாக் கேக்குது," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அவளுக்கு அது அன்றைய பதினோராவது குழந்தை.

மாலையில் மாவ்ரோவை அழைத்து வந்தார்கள். நடைவழியிலேயே ஓர்னெலா அவனைத் தூக்கி, கன்னம், மூக்கு, வாய் என்று பார்க்காமல் முத்தம் கொடுத்துத் தீர்த்தாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, ஈரமா இருக்கு," என்றான். பக்கத்தில் மீன் சூப் பாத்திரத்தோடு நின்ற நேவியா, "இப்ப அவன் உன்னப் பாத்துப் பயப்படுறான்," என்றாள்.

ஓர்னெலாவின் விடுப்பு ஒரு வருடம். மூன்றாம் அறைக்கு அடுத்த இருபத்து நான்கு தாய்மார்கள் அக்டோபரில் வருகிறார்கள். அவர்களுக்கான மீன் பெயர்களை அவள் இப்போதே எழுதி வைத்துவிட்டாள்.